ஈரலின் தொழிலை விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனாகிய யான் இன்று ஈரலைப்பற்றிப் பேச முன்வந்ததைக் கண்டு உங்களிற் சிலர் நகைத்தல் கூடும். சென்ற கூட்டத்தில் புலவர் வரலாறு ஒன்றைச் சொல்லி முடித்தபொழுது செயலாளர் அவர்கள், "அடுத்த முறை பிள்ளைகளின் படிப்புக்கு உதவுமாறு ஓர் அறிவியலறிஞரின் வரலாற்றை ஐயா சொல்லல் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டனர். யான் தேர்ந்துகொண்டவர், ஜெர்மனியிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்த ஹான்ஸ் அடால்ப் கிரெப்ஸ் என்னும் பெரியார். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் மாணவர் யாவரும் இவர் பெயரைத் தேர்வுக்காகவேனும் உருப்போட்டிருப்பர். பெயரை உருப்போட்டவர் பலர். அவர் செய்தது யாதென உணர்ந்தவர் சிலரே.

பேரச்சம் நேர்ந்தபொழுது 'ஈரற்குலை நடுங்கிற்று' என்பது நம் வழக்கு. அச்சம் நெஞ்சத்துக்கு உரியதாகவும், நம்மவர் நடுங்கச் செய்தது ஈரலையே. வலப்புற விலாவின்கீழ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுடன் அமர்ந்திருக்கும் இவ்வுறுப்புக்கு அச்சிறப்புத் தகும் என்றே யான் கருதுகின்றேன். குடலிற் செரித்த உணவின் சாரத்திற் பெரும்பகுதி முதற்கண் ஈரலுக்கே வந்து, அங்கே ஆராயப்பெற்று, மாற்றப்பெற்றுப் பின்னரே உடம்பெங்கும் செல்கின்றது. பருப்பு, பால், மீன், இறைச்சி இவற்றிலுள்ள புரதம் உடம்பிற் சிதையுங்கால் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் பிறக்கும். நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் எழுமன்றோ, அதுவே அம்மோனியா. அது குருதியிற் சிறிது மிகுந்தாலும் மூளை கலங்கும். மேலும் மிகுந்தால் அறிவு மயங்கி உயிரும் நீங்கும். அந்நஞ்சை யூரியா என்னும் தீங்கற்ற பொருளாக ஈரல் மாற்றிவிடுகின்றது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகின்றது. நன்றாய் உண்ணும் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் வரை யூரியாவை இங்ஙனம் கழிக்கின்றனர்.

அந்த யூரியாவை வோலர் என்னும் ஜெர்மானியர் 1828இல் எவ்வுயிரின் துணையுமின்றிச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். மனிதன் தன் கூடத்தில் ஆக்கிவிட்டான். ஈரல் அதனை எவ்வாறு ஆக்குகின்றது என்பதோ, அதன்பின் நூறாண்டு கழிந்தும் விளங்கவில்லை. அதனை விளக்கியவரே நம் கிரெப்ஸ்.

இவர் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஹில்டெஸ்ஹைம் என்னும் பழம்பதியிற் பிறந்தார். தந்தையார் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கு மருத்துவர். பிறப்பால் யூதக் குடும்பம். ஆயினும் தம்மை ஜெர்மானியராகவே எண்ணி வாழ்ந்த குடும்பம். மகனும் மருத்துவமே பயின்று, 1925இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற மருத்துவர் பொருளீட்டப் புகுதலே உலகியல்பு. இவரோ 1926இல் பெர்லினில் ஒட்டோ வார்பர்க் என்னும் பேராசிரியரிடம் உதவியாளராய்ச் சேர்ந்தார். வாரத்தில் ஆறு நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வேலை. நான்காண்டு இவ்வாறு கழிந்தது.

வார்பர்க்கிடம் இவர் கற்ற வித்தை இரண்டு. உயிருள்ள உறுப்பை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவலாகச் சீவி, உப்புநீரில் இட்டு, பிராணவாயு ஊட்டினால் அச்சீவல் சில மணி நேரம் உயிரோடிருந்து தன் தொழிலைச் செய்யும். வெற்றிலையினும் மெல்லியதாயிருத்தலின் வாயு உள்ளே புகத் தடையில்லை. இஃது ஒன்று. அச்சீவலை மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்து, அஃது எவ்வளவு வாயுவை உட்கொண்டது, எவ்வளவை வெளிவிட்டது என்பதை ஒரு வளைகுழாயில் நீர்மம் ஏறியிறங்குவதைக்கொண்டு அளத்தல் மற்றொன்று. முன்னெல்லாம் முழு ஈரலை எடுத்துக் குருதி பாய்ச்சிச் சோதிப்பார்கள். ஒருநாளைக்கு ஒரு சோதனை முடிந்தாற் பெரிது. சீவலிலோ ஒரே ஈரலைக்கொண்டு பற்பல சோதனைகளை ஒரே பொழுதில் நடத்தலாம். வார்பர்க்கின் நாட்டம் புற்றுக்கட்டிகள்மேலும் உயிர்ப்பின்மேலும் இருந்தது. ஈரல் புதுப்பொருளை ஆக்கும் தொழிலை இக்கருவியால் ஆராயலாம் என்னும் எண்ணம் மாணாக்கர்க்கே தோன்றியது. ஆசிரியர் கருவியைத் தருவர். கேள்வியை மாணாக்கனே கொண்டுவருதல் வேண்டும்.

ஆசிரியரைப்பற்றிய பேச்சு வந்தமையின் பின்னாளில் நிகழ்ந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகின்றேன். 1967இல் கிரெப்ஸ் எழுதிய கட்டுரையொன்றில், அறிவியலறிஞன் உருவாவது எங்ஙனம் என்று ஆராய்ந்து, தம் மரபை எழுதிக் காட்டினார். எம்மரபு? தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்னும் மரபன்று. தம் ஆசிரியர் வார்பர்க், வார்பர்க்குக்கு ஆசிரியர் எமில் பிஷர், பிஷருக்குப் பையர், பையருக்குக் கெகூலே, கெகூலேக்கு லீபிக், லீபிக்குக்குப் பிரான்சு தேசத்துக் கே-லுசாக், அவர்க்குப் பெர்த்தோலே. எட்டுத் தலைமுறை! இடையே மொழி மாறுகின்றது, நாடு மாறுகின்றது, சமயம் மாறுகின்றது. கல்வி மட்டும் கைம்மாறி வருகின்றது. நம் மடங்களிலும் தமிழ்ப் புலவரிடையேயும் மாணாக்கர் பரம்பரை என்று சொல்லி வருவது இதனையேயன்றோ? குலத்தின் பெயராற் கூடியிருக்கும் அவையில் இதனை எடுத்துரைப்பதில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ஆயினும் குலமரபை எழுதிவைத்துப் போற்றும் நமக்கு, இப்படியும் ஒரு மரபு உண்டென்பது தெரிந்திருத்தல் நலம். அவர் இம்மரபைப் போற்றியதற்கு வேறு காரணமும் உண்டு. அதனைச் சற்றுப் பின்னர்க் காண்பீர்கள்.

1931இல் கிரெப்ஸ் பிரைபர்க் நகரத்து மருத்துவமனையில் அமர்ந்தார். பகற்பொழுதில் நோயாளரைப் பார்த்தல், எஞ்சிய பொழுதில் ஆராய்தல். கர்ட் ஹென்செலைட் என்னும் மருத்துவ மாணவர் ஒருவர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சிக்காக இவரிடம் வந்து சேர்ந்தார். இருவரும் எலியின் ஈரற்சீவலை, குருதியின் உப்புக்களை ஒத்த உப்புநீரில் இட்டு, அம்மோனியாவைச் சேர்த்து, எத்துணை யூரியா உண்டாகின்றது என்று அளந்தனர். அவர்கள் அன்று கூட்டிய உப்புநீர் கிரெப்ஸ்-ஹென்செலைட் கரைசல் என்னும் பெயரோடு இன்றளவும் ஆய்வுக்கூடங்களில் வழங்கிவருகின்றது. இப்பொருளைச் சேர்த்தால் என்னாகும், அப்பொருளைச் சேர்த்தால் என்னாகும் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்த்தனர். பெரும்பாலானவற்றால் விளைவு ஒன்றுமில்லை. ஒருநாள் ஆர்னித்தீன் என்னும் அமினோ அமிலத்தை அம்மோனியாவோடு சேர்த்தபொழுது யூரியா திடீரென்று மிகுந்தது.

இவ்விடத்திலேதான் கிரெப்ஸின் அறிவு நுண்மை விளங்குகின்றது. 'ஆர்னித்தீனில் நைட்ரஜன் உண்டு. அதுவே யூரியாவாக மாறியிருக்கும்' என்று எவர்க்கும் தோன்றும். கிரெப்ஸ் அதனோடு நிற்கவில்லை. ஆர்னித்தீனின் அளவை மேன்மேலும் குறைத்துப் பார்த்தார். குறைத்தும் யூரியா குறையவில்லை! ஓர் ஆர்னித்தீன் மூலக்கூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட யூரியா மூலக்கூறுகள் உண்டாயின. இறுதியில் அளந்தால் இட்ட ஆர்னித்தீனோ செலவாகாமல் இருந்தது. நம் ஊர்ப்புறத்திற் கவலை இறைத்ததைக் கண்ட முதியோர்க்கு இது விளங்கும். சால் ஒன்றே, அது கிணற்றுள் இறங்கும், நீரை முகந்து மேலேறும், வாய்க்காலிற் கொட்டும், மீண்டும் இறங்கும். பகல் முழுதும் இறைத்த நீர் பலநூறு சால், சாலோ தேய்ந்ததில்லை. ஆர்னித்தீன் அம்மோனியாவை முகந்து யூரியாவாகக் கொட்டும் சால்.

அப்படியாயின் இடையில் நிகழ்வது யாது? அர்ஜினீன் என்னும் பொருளை ஆர்னித்தீனாகவும் யூரியாவாகவும் பிளக்கும் நொதி ஈரலில் உண்டென்பது 1904முதலே அறிந்த செய்தி. யூரியாவைக் கழிக்கும் விலங்குகளின் ஈரலில் அந்நொதி மிகுதி. யூரிக் அமிலத்தைக் கழிக்கும் பறவைகளின் ஈரலில் அஃது இல்லை. இதுவும் ஒரு குறிப்பாயிற்று. ஆர்னித்தீனுக்கும் அர்ஜினீனுக்கும் இடைப்பட்ட படி ஒன்று வேண்டுமே என்று தேடியபொழுது கிடைத்தது சிட்ருல்லீன். ஜப்பானிய அறிஞர் தர்ப்பூசணிச் சாற்றினின்று பிரித்தெடுத்த பொருள் அது. பெயரும் அப்பழத்தின் இலத்தீன் பெயரினின்று வந்ததே. ஈரற்சீவலில் இட்டுப் பார்த்தால் அதுவும் ஆர்னித்தீனைப் போன்றே யூரியாவைப் பெருக்கிற்று. ஆர்னித்தீன் சிட்ருல்லீனாகி, சிட்ருல்லீன் அர்ஜினீனாகி, அர்ஜினீன் யூரியாவை ஈந்து மீண்டும் ஆர்னித்தீனாகின்றது. 1932இல் கிரெப்ஸும் ஹென்செலைட்டும் இதனை வெளியிட்டனர். உயிரின் வேதியியலில் சக்கரம்போற் சுழன்று வரும் செயல் ஒன்று தெளிவாக நிறுவப்பெற்றது இதுவே முதன்முறை. மாணவர் பெயரும் ஆசிரியர் பெயரும் கட்டுரைத் தலைப்பில் இணைந்து நின்றதை யான் ஒரு பெருஞ்சிறப்பாகக் கருதுகின்றேன்.

புகழ் பரவிற்று. ஆண்டொன்று நிறைவதற்குள் 1933 ஜனவரியில் ஹிட்லர் அரசு கட்டிலேறினான். ஏப்ரல் 7ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. அரசாங்க உத்தியோகத்திலிருக்கும் யூதர் விலக்கப்பெறல் வேண்டும் என்பது அதன் கருத்து. அம்மாதமே கிரெப்ஸுக்கு வேலைநிறுத்த ஆணை வந்தது. அவருடைய அறிவிற் குறையில்லை, ஒழுக்கத்திற் குறையில்லை, மருத்துவத்திற் குறையில்லை. குறை, அவர் பாட்டனார் எக்குலத்தினர் என்பதொன்றே. ஆசிரியர் மரபைத் தம் மரபாக அவர் பின்னர் எழுதியதன் பொருள் இப்பொழுது விளங்குமென நினைக்கின்றேன்.

இதனைக் கேட்குங்கால் நம் நெஞ்சு குமுறுகின்றது. அயல்நாட்டுக் கொடுமையாதலின் குமுறுவது எளிது. பிறப்பைக்கொண்டு ஒருவனைப் பள்ளியின் புறத்தே நிறுத்திய வழக்கம் ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று என்பதை மட்டும் சொல்லி மேற்செல்கின்றேன்; இவ்வவையினர் அறியாததன்று.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹாப்கின்ஸ், யூரியா ஆராய்ச்சியை முன்னரே வியந்து பேசியவர், அவர் அழைத்தார். ராக்பெல்லர் நிறுவனம் பொருளுதவிற்று. 1933 ஜூன் மாதம் கிரெப்ஸ் கடல் கடந்தார். அயல்மொழி, அயல்நாடு, நிலையற்ற ஊதியம், வயது முப்பத்திரண்டு. 1935இல் ஷெப்பீல்டு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. அவர் பெயரை உலகறியச் செய்த இரண்டாவது சக்கரம் அங்கே பிறந்தது.

உணவு உடம்பில் எரிந்து ஆற்றலாகின்றது என்கின்றோம். அடுப்பில் விறகு எரிவதுபோல் ஒரே எரியாக எரிந்தால் உடம்பு வெந்துவிடும். படிப்படியாக, குளிர்ந்த தீயாக எரிதல் வேண்டும். அப்படிகள் யாவை? ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-கியார்கி என்பார், புறாவின் மார்புத் தசையை நறுக்கிச் சோதித்து, பூமாரிக் அமிலம் முதலிய சில நான்கு-கரி அமிலங்களைச் சிறிதே சேர்த்தாலும் எரிதல் மிகும் என்று கண்டிருந்தார். புறாவின் அத்தசை ஓயாது சிறகடித்துப் பறத்தற்குரியதாதலின் அதில் எரிதல் மிக விரைவு. 1937இல் மார்ட்டியுஸ், நூப் என்னும் இருவர், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் உடம்பில் எவ்வெப்படியாகச் சிதைகின்றது என்று காட்டினர். துண்டுதுண்டாகக் கயிறு கிடந்தது. இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கியவர்கள் கிரெப்ஸும் வில்லியம் ஜான்சன் என்னும் அவர்தம் மாணவரும்.

வளையம் என்று எங்ஙனம் துணிந்தனர்? மலோனிக் அமிலம் என்னும் ஒரு பொருள் உண்டு. அது சக்சினிக் அமிலம் பூமாரிக் அமிலமாக மாறும் படியை மட்டும் அடைத்துவிடும். அடைப்புக்கு அப்பாற்பட்ட பூமாரிக் அமிலத்தை இட்டால் என்னாகும்? அடைப்புக்கு இப்பாற்பட்ட சக்சினிக் அமிலம் வந்து குவிந்தது! கோவிலைச் சுற்றிய நான்கு தேர்வீதிகளை எண்ணிக்கொள்ளுங்கள். கீழவீதியில் ஓரிடத்தில் தடுப்பு நாட்டியிருக்கின்றது. தடுப்பின் அப்புறத்தில் விட்ட ஒருவன் சிறிது பொழுதில் தடுப்பின் இப்புறத்தில் வந்து நிற்கின்றான். தடுப்பைத் தாண்டவில்லை. எனின், வீதிகளைச் சுற்றி வலம் வந்தான் என்பதன்றி வேறு முடிவு உண்டோ? நான்கு கரியணுக்கள் உடைய ஆக்சலோ-அசிட்டிக் அமிலத்தோடு உணவினின்று வந்த இரண்டு கரியணுக்கள் கூடி ஆறு கரியணுக்கள் உடைய சிட்ரிக் அமிலமாகின்றன. சுற்றி வருங்கால் இரண்டு கரியணுக்கள் கரியமில வாயுவாய்க் கழிகின்றன. மீண்டும் நான்காய் நின்று அடுத்த இரண்டை எதிர்கொள்கின்றது. யாப்பிலக்கணம் பயின்ற மாணவர்க்கு வேறுவிதமாகச் சொல்வேன்: இது மண்டலித்து முடியும் அந்தாதி. ஈற்றுச் சொல் முதற்செய்யுளின் முதலாகின்றது.

இக்கண்டுபிடிப்பை ஒரு சிறு கடிதமாக எழுதி 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற இதழுக்கு விடுத்தார். 1937 ஜூன் 14ஆம் நாளிட்ட மறுமொழி வந்தது: ஏழெட்டு வாரத்துக்குப் போதிய கடிதங்கள் கைவசம் உள்ளமையின் இதனை ஏற்பதற்கில்லை என்பது அதன் கருத்து. அவர் மனமுடைந்து அமர்ந்துவிடவில்லை. விரிவாக எழுதி ஹாலந்து தேசத்து இதழொன்றில் வெளியிட்டார். பதினாறாண்டு கழித்து 1953இல் அதே கண்டுபிடிப்புக்கு நோபெல் பரிசு வந்தது; லிப்மன் என்னும் அறிஞரோடு பகிர்ந்துகொண்டார். லிப்மனும் ஜெர்மனியினின்று நீங்கி அமெரிக்கா சென்றவரே. அவர் கண்ட துணைநொதி அல்லவோ அவ்விரண்டு கரியணுக்களைச் சுமந்து வந்து சக்கரத்தில் ஏற்றுவது? ஜெர்மனி இழந்தது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆயிற்று.

இடையில் 1938இல் திருமணம், 1939இல் பிரிட்டிஷ் குடியுரிமை, போர்க்காலத்தில் உயிர்ச்சத்துக்களைப்பற்றிய சோதனைகள், 1945இல் பேராசிரியர் பதவி. இவற்றை விரித்தற்குப் பொழுதில்லை.

இவ்விரு சக்கரங்களும் உயிரணுவில் எங்கே சுழல்கின்றன என்னும் வினா எஞ்சி நின்றது. உயிரணுக்குள் நூலிழை போன்றும் மணி போன்றும் சில நுண்பொருள்கள் தோன்றுதலைக் கண்ட பெண்டா என்பார், 1898இல் அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'மைட்டோஸ்' இழை, 'காண்ட்ரோஸ்' மணி. 'இழைமணி' என நம் மொழியிற் பெயர்த்திருப்பது செவிக்கினிய பெயர். யான் அதனையே ஆள்கின்றேன். பெயரிட்டு ஐம்பதாண்டு வரை அவற்றின் தொழில் ஐயத்துக்கிடமாகவே இருந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளில் சிகாகோ நகரில் கென்னடியும் லெனிஞ்சரும் எலியின் ஈரலினின்று இழைமணிகளைத் தனியே பிரித்தெடுத்து, கொழுப்பு எரிதலும் கிரெப்ஸின் சிட்ரிக் அமிலச் சக்கரமும் அவற்றினுள்ளேதான் நிகழ்கின்றன என்று நாட்டினர். ஈரலின் உயிரணு ஒன்றில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை இழைமணிகள் உண்டு. யூரியாச் சக்கரமோ பாதி உள்ளும் பாதி புறமுமாகச் சுழல்கின்றது. அம்மோனியாவை முகந்து சிட்ருல்லீனாக்குவது இழைமணியினுள்; எஞ்சிய படிகள் அதன் வெளியே. நஞ்சைக் கையாளும் தொழிலை அறைக்குள் பூட்டிவைத்த திறம் வியக்கத்தக்கது.

1954இல் கிரெப்ஸ் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியரானார். 1967இல் ஓய்வு பெற்றபொழுது வயது அறுபத்தேழு. சாய்வு நாற்காலியை நாடவில்லை; தம் குழுவினர் சிலரோடு அவ்வூர் மருத்துவமனையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்து, தாம் தொடங்கிய ஈரலுக்கே திரும்பினார். அவ்வாண்டில் வில்லியம்சன், லண்ட் என்னும் இருவரோடு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று மிக நுட்பமானது. எரிதலில் ஹைட்ரஜனைச் சுமக்கும் ஒரு துணைப்பொருள் இழைமணியினுள் எந்நிலையில் இருக்கின்றது, புறத்தே எந்நிலையில் இருக்கின்றது என்பதே கேள்வி. உள்ளே புகுந்து அளக்க இயலாது. ஆதலின் புறத்தே லாக்டிக், பைருவிக் அமிலங்களின் விகிதத்தையும், உள்ளே வேறிரு பொருள்களின் விகிதத்தையும் அளந்து கணக்கிட்டனர். ஈரலை எடுத்த நொடியே அது மாறத் தொடங்குமாதலால், திரவ நைட்ரஜனிற் குளிர்வித்த அலுமினியத் தகடுகளுக்கிடையே நசுக்கி, கண்ணிமைப்பொழுதில் உறையச் செய்தனர். சுமையற்ற துணைப்பொருள் சுமையுற்றதைப்போல் புறத்தே பல நூறு மடங்கு. இழைமணியினுள்ளோ எட்டு மடங்களவே. ஒரே உயிரணுவில், ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும் இருவேறு உலகம்!

இந்நுட்பத்தால் நமக்கென்ன பயன் என்று தாய்மார்கள் கேட்கலாம். ஏகாதசி விரதத்தை எடுத்துக்கொள்வோம். உணவின்றி ஒருநாள் கழிந்தும் மூளைக்கு வேண்டிய சர்க்கரை குறைவதில்லை. ஈரல் தன்னிடமுள்ளதை முதலிற் கொடுக்கின்றது. பின்னர் வேறு பொருள்களைச் சர்க்கரையாக ஆக்கிக் கொடுக்கின்றது. விரதம் நீளுமாயின் கொழுப்பினின்று கீட்டோன் பொருள்களை இழைமணிகளிற் சமைத்துப் பிற உறுப்புக்களுக்கு அனுப்புகின்றது. விந்தை என்னவெனின், தான் சமைத்த அதனைத் தான் உண்ணுதற்குரிய நொதி ஈரலில் இல்லை. வீட்டில் எல்லாரும் உண்டபின் கலத்தில் எஞ்சியது பார்க்கும் தாய்க்கு இஃது எளிதில் விளங்கும்.

பட்டினி வயிற்றோடு மதுவருந்துபவனுக்கு நேர்வதையும் இவ்வாராய்ச்சியே விளக்கிற்று. ஈரல் பிற வேலைகளைப் பின்னிட்டு மதுவை எரிக்க முற்படுகின்றது. அவ்வெரிதலால் மேற்சொன்ன ஹைட்ரஜன் சுமை ஈரலில் மிகுந்துவிடுகின்றது. சர்க்கரை ஆக்கும் வழி தடைப்படுகின்றது. எலியின் ஈரலை உடம்பினின்று பிரித்துக் குருதி பாய்ச்சி உயிரோடு வைத்து, 1969இல் கிரெப்ஸ் குழுவினர் இதனைக் காட்டினர். ஆகவே உண்ணாது குடித்தவன் விழுந்து கிடந்தால், அது வெறியென்று எண்ணிப் போர்வை போர்த்துவிட்டு வந்துவிடுதல் தகாது. சர்க்கரை குறைந்து உயிருக்கே ஊறு நேர்ந்திருத்தல் கூடும். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இன்னொன்று; இதனைச் சொல்லவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன் என்றாலும் தகும். யூரியாச் சக்கரத்தின் நொதிகளுள் ஒன்று பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. ஏறத்தாழ 35,000 பிறப்புக்கு ஒன்று என மேனாட்டார் மதிப்பிடுகின்றனர். பிறந்தவுடன் குழந்தை நன்றாகவே இருக்கும். தாய்ப்பால் அருந்தத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் பால் மறுக்கும், வாந்தியெடுக்கும், ஓயாது உறங்கும், மூச்சு மிகும், பின்னர் அறிவிழக்கும். 'மாந்தம்', 'பட்சிதோஷம்' என்று சொல்லிப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுள் சிலவற்றில் உண்மைக் காரணம் இதுவாயிருத்தல் கூடும். குருதியில் அம்மோனியாவை அளந்தாற் புலப்பட்டுவிடும். உடனே அறியப்பெறின் அம்மோனியாவை வடித்துக் கழிக்கவும், புரதத்தை அளவாய்க் கொடுக்கவும், மருந்தளிக்கவும் வழியுண்டு. அர்ஜினீன் அல்லது சிட்ருல்லீன் இவர்களிற் பலர்க்கு மருந்தாகத் தரப்பெறுகின்றது. பிரைபர்க்கில் ஒரு மாணவரும் ஓர் ஆசிரியரும் எலியின் ஈரற்சீவலில் இட்டுப் பார்த்த அதே பொருள்கள்!

இந்நோய் வகைகளுள் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறை ஒன்றுகூடுவதால் வருவன. இருவரும் நோயற்றவர், ஆயினும் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒருபங்கு அச்சம் உண்டு. ஒரு பாட்டன் பாட்டியின் வழிவந்த இருவர் மணந்துகொள்ளின் ஒரே குறை இருவரிடத்தும் இருத்தல் எளிது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம்மிடை நெடுநாள் வழக்கு. சொத்தும் உறவும் சிதறாமைக்கு அதனைக் கைக்கொண்டனர். அவ்வழியில் மணந்த பெரியோர் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். நலமுற்ற மக்களையும் பெற்றிருக்கின்றனர். அவர்களை இழித்துரைப்பது என் கருத்தன்று. இனி வரன் பார்க்குங்கால், உறவில் முன்னரே காரணமறியாது இறந்த பச்சிளங்குழந்தை உண்டோ என்று கேளுங்கள். இருக்குமாயின் ஜாதகத்தை விரிப்பதற்கு முன் மரபியல் மருத்துவரைக் காணுங்கள் என்பதே என் வேண்டுகோள். உறவில் மணந்து குழந்தை பெறவிருக்கும் மகளிர், அச்செய்தியை மருத்துவரிடம் மறையாது சொல்லல் வேண்டும். கேட்டால் மானம் போகும் என்று மறைப்பவர்களை யான் அறிவேன். பிள்ளையினும் பெரிய மானம் யாதென்று எனக்கு விளங்கவில்லை.

கிரெப்ஸ் 1981 நவம்பர் 22ஆம் நாள், எண்பத்தோராம் வயதில், ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அதுவரை ஆய்வுக்கூடத்துக்குச் செல்வதை விட்டிலர். அவருடைய நோபெல் பதக்கத்தைக் குடும்பத்தார் 2015இல் லண்டன் நகரில் ஏலத்தில் விற்றனர். வந்த பொருள் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. தாய்நாட்டினின்று துரத்தப்பெற்ற அறிவியலாளர்க்கும் ஆராய்ச்சி மாணவர்க்கும் உதவுதல் அவ்வறக்கட்டளையின் பணி.